காற்றுக்கு வழி விட்ட பெட்டி

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஓடிக்கொண்டிருந்த கேபினெட்டின் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். முன்பக்கத்தில் மூன்று ஃபேன்கள் வண்ண விளக்கோடு சுற்றிக்கொண்டிருந்தன. புகை அவற்றின் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மேலே போயிற்று. முன்பலகை முழுக்கக் கண்ணாடி. அதற்கும் கேபினெட்டின் உடம்புக்கும் இடையே, ஓரத்தில் மட்டும், சுண்டுவிரல்கூட நுழையாத ஓர் இடுக்கு. மூன்று ஃபேனும் மூச்சு வாங்க அந்த இடுக்குதான் வழி. பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு மறுபடி பத்தியைப் பிடித்தேன். இந்த முறை புகை வளைந்து, ஊசிக்குள் நூல் போவதுபோல ஃபேனுக்குள் போனது. கால் மணி நேரம் கழித்துத் திரையைப் பார்த்தால் ப்ராசஸரின் சூடு ஏழு டிகிரி இறங்கியிருந்தது. வேறு எதையும் நான் தொடவில்லை.

நண்பர் மகனின் கம்ப்யூட்டர் அது. கேம் ஆடும்போது திடீரென்று திணறுகிறது என்று கூப்பிட்டிருந்தான். "ஆறு ஃபேன் இருக்கு, சூடே ஆகாதுன்னு சொல்லித்தான் அங்கிள் குடுத்தாங்க" என்றான். ஆறு ஃபேன் இருந்தது உண்மை. காற்றுக்கு வழி இல்லாததும் உண்மை.

ஜன்னலுக்குப் பழந்தமிழில் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வெளிச்சமும் வேடிக்கையும் அப்புறம். காற்று வரும் வழி என்பதுதான் முதல். கேபினெட் செய்கிறவர்கள் அந்த வழியை ஒருமுறை கண்டுபிடித்தார்கள், பிறகு தொலைத்தார்கள், மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று கடையில் 'ஹை ஏர்ஃப்ளோ' என்று தனிப் பெயர் சொல்லி விற்கிற பெட்டி அப்படி இரண்டு முறை பிறந்தது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது அதன் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே மின்சாரம் தரும் பவர் சப்ளை, 63.5 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. உள்ளே இருந்த இன்டெல் 8088 ப்ராசஸரின் தலையில், சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கூடக் கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்த ஒரே ஃபேன் தன் சூட்டையும் பெட்டியின் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளியது. அது போதுமானதாக இருந்தது.

அந்த ஒரு ஃபேனும் வேண்டாம் என்று நினைத்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ். இரைச்சல் அவருக்குப் பிடிக்காது. 1977-ன் ஆப்பிள் 2-ல் ஃபேன் இல்லை. ராட் ஹோல்ட் வடிவமைத்த சூடு குறைந்த ஸ்விட்சிங் பவர் சப்ளை அதைச் சாத்தியமாக்கியது. ஆனால் கார்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகியதும் பெட்டி கொதிக்க ஆரம்பித்தது. கென்சிங்டன் என்ற நிறுவனம் ஆப்பிள் 2-ன் பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளும் ஃபேன் ஒன்றை 'சிஸ்டம் சேவர்' என்ற பெயரில் விற்றது. செய்தவர் கொடுக்காததை வாங்கியவர் காசு கொடுத்து ஒட்டிக்கொண்டார். 1980-ல் வந்த ஆப்பிள் 3-லும் ஃபேன் இல்லை, அலுமினிய உடம்பே சூட்டை வாங்கி வெளியே விட வேண்டும் என்பது திட்டம். அந்தக் கம்ப்யூட்டரில் சிப்புகள் சாக்கெட்டைவிட்டுக் கழன்றன. பெட்டியைச் சில அங்குலம் தூக்கி மேஜைமேல் போடுங்கள், சிப்பு மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. சூடுதான் காரணமா, சாக்கெட்டின் குறையா என்று இன்றும் வாதம் உண்டு. பழி விழுந்தது என்னவோ ஃபேன் இல்லாத பெட்டியின் மேல்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 486-ன் வேகமான வகைகளுக்கு ஹீட்சிங்க் தேவைப்பட்டது. 1993-ல் பெண்டியம் வந்தபோது அதன் தலையில் சின்ன ஃபேனும் ஏறிவிட்டது. இங்கே ஒரு சிக்கல் ஆரம்பிக்கிறது, அதைப் பெரும்பாலோர் அப்போது கவனிக்கவில்லை. ப்ராசஸர் மேல் இருக்கும் ஃபேன் சூட்டை அழிப்பதில்லை. ப்ராசஸரிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள்ளேயே விடுகிறது, அவ்வளவுதான். பெட்டிக்குள் சுற்றும் காற்று சூடாகச் சூடாக, அந்தச் சூடான காற்றாலேயே ஃபேன் ப்ராசஸரைக் குளிர்விக்கப் பார்க்கிறது. சமையலறைப் புகையைக் கூடத்துக்கு விரட்டிவிட்டு வாசற்கதவைச் சாத்தி வைப்பதுபோல.

1995-ல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அமைப்பும் முதலில் தடுமாறியது. எஸ்எம்பிஎஸ் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்து ப்ராசஸர் மேல் வீச வேண்டும் என்றது அதன் முதல் வரைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காற்று எஸ்எம்பிஎஸ்ஸின் சூட்டைச் சுமந்துகொண்டல்லவா வரும்! பிறகு திசை மாறி, எஸ்எம்பிஎஸ் பழையபடி வெளியே ஊதத் தொடங்கியது.

உண்மையான முதல் பிறப்பு தொழிற்சாலையில் நடக்கவில்லை. வீட்டுக் கொல்லையிலும் கார் ஷெட்டிலும் நடந்தது. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவு ப்ராசஸரை 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450-க்கு முடுக்கலாம் என்று தெரிந்ததும் ஓவர்கிளாக்கிங் ஒரு பித்தாகப் பரவியது. முடுக்கினால் சூடு. சூடென்றால் காற்று வேண்டும். கேபினெட்டிலோ தகரத்தில் குத்திய பத்திருபது கீறல்களைத் தவிர வழி இல்லை. ஆட்கள் டிரில் மெஷினில் ஹோல்சா மாட்டி, பெட்டியின் தலையில் வட்டமாக அறுத்து, 80 மி.மீ. ஃபேன் ஒன்றைப் பொருத்தினார்கள். அந்தத் துளைக்கு 'புளோஹோல்' என்று பெயரே வந்துவிட்டது. அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும். தகரத் தூள் ஒன்று மதர்போர்டில் விழுந்தாலும் ஷார்ட் ஆகிவிடும். அத்தனைக்கும் துணிந்துதான் செய்தார்கள். நம் ஊரில் அறுக்கவில்லை. பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். நானும் பல கோடைகளை அப்படித்தான் ஓட்டினேன். அந்த டேபிள் ஃபேன் காற்றோடு தெருப் புழுதியையும் கொண்டுவந்து மதர்போர்டில் கம்பளிபோலப் போர்த்திவிடும்.

பெரிய நிறுவனங்கள் விழித்துக்கொண்டது 2003, 2004 வாக்கில். 2003 ஜூனில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய பவர் மேக் ஜி5-ன் முகத்தைப் பார்த்தவர்கள் துருவுபலகை என்றார்கள். முன்னும் பின்னும் முழுக்கத் துளையிட்ட அலுமினியம், உள்ளே நான்கு தனி அறைகள், ஒன்பது ஃபேன். ஒவ்வோர் அறைக்கும் முன்னால் காற்று நுழைந்து நேராகப் பின்னால் போகும், ஓர் அறையின் சூடு இன்னொன்றில் கலக்காது. ஃபேனே வேண்டாம் என்ற ஜாப்ஸின் நிறுவனமா இது என்று தோன்றும். நிறைய ஃபேன்களை மெதுவாகச் சுற்றவிட்டால் ஒரு ஃபேன் வெறிபிடித்துச் சுற்றுவதைவிடச் சத்தம் குறைவு. காற்றோட்டமும் அமைதியும் எதிரிகள் இல்லை என்று அந்தப் பெட்டி அப்போதே காட்டிவிட்டது. உலகம் அதைக் கற்றுக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

இன்டெல்லுக்கு அந்தச் சமயத்தில் நெருக்கடி. 2004-ன் பெண்டியம் 4 'பிரஸ்காட்' வகைகள் 115 வாட்வரை சூட்டைக் கக்கின. அதற்காகவே பிடிஎக்ஸ் என்று புதிய அமைப்பைக் கொண்டுவந்தது: ப்ராசஸரை முகத்துக்கு நேரே வைத்து, முன்னாலிருந்து பின்னால் ஒரே நேர்கோட்டில் காற்று. நல்ல யோசனைதான். ஆனால் இருந்த கேபினெட், மதர்போர்டு எல்லாவற்றையும் மாற்றச் சொன்னது. 2006-ல் சூடு குறைந்த கோர் 2 வந்ததும் அவசரம் தீர்ந்தது. அந்த ஆண்டே இன்டெல் பிடிஎக்ஸைக் கைவிட்டது. மருந்து தயாராவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

அந்த 2006-ல்தான் ஆன்டெக் நிறுவனத்தின் 'நைன் ஹண்ட்ரட்' வந்தது. முன்னால் இரண்டு 120 மி.மீ. ஃபேன், பின்னால் ஒன்று, தலையில் 200 மி.மீ. ஃபேன். ஆட்கள் ஹோல்சா வைத்து அறுத்த அதே புளோஹோல், இப்போது தொழிற்சாலையிலிருந்தே வந்தது. 2008-ல் தைவானின் கூலர் மாஸ்டர் கொண்டுவந்த பெட்டிக்கு ஹெச்ஏஎஃப் 932 என்று பெயர். 'ஹை ஏர் ஃப்ளோ' என்பதன் முதலெழுத்துகளே அந்த ஹெச்ஏஎஃப். முன்னால், தலையில், பக்கக் கதவில் என மூன்று 230 மி.மீ. ஃபேன்கள், பின்னால் ஒரு 140. முகம் முழுக்கக் கம்பி வலை. இராணுவ வண்டியின் சாயல். அழகு என்று எல்லாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது அழகு. தான் எதற்காக இருக்கிறோம் என்பதை மறைக்காத பொருள் அது.

அத்தனை பெரிய ஃபேன் ஏன்? வடிவம் மாறாமல் ஒரு ஃபேனின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால், அதே சுற்று வேகத்தில் அது தள்ளும் காற்று எட்டு மடங்காகும். அப்படியானால் அதே அளவு காற்றுக்குப் பெரிய ஃபேன் மிக மெதுவாகச் சுற்றினால் போதும். ஹெச்ஏஎஃப்-ன் முன் ஃபேன் நிமிடத்துக்குச் சுமார் 700 சுற்றுதான். அருகில் உட்கார்ந்தால்கூட உறுத்தாது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கேபினெட் உலகம் வேறு இரண்டு ஆசைகளில் விழுந்தது.

முதல் ஆசை அமைதி. ஆன்டெக் 2005-லேயே 'சைலன்ட் பிசி ரிவ்யூ' இணையதளத்தின் மைக் சின்னோடு சேர்ந்து பி180 என்ற பெட்டியைச் செய்திருந்தது. மூன்றடுக்குப் பலகை, கீழே எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனி அறை. அது காற்றையும் மதித்த பெட்டி. பின்னால் வந்தவர்களில் பலர் அதன் கனத்த கதவை மட்டும் பார்த்தார்கள். முகத்தை மூடி உள்ளே நுரைப்பஞ்சை ஒட்டினால் சத்தம் வெளியே வராது என்று நினைத்தார்கள். காற்றும் உள்ளே வரவில்லை. சூடு ஏறியதும் ஃபேன்கள் இன்னும் வேகமாகச் சுற்றின, மூடிய சத்தம் மறுபடி கிளம்பியது.

இரண்டாவது ஆசை கண்ணாடி. 2014-ல் என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் ஹெச்440 முகத்திலிருந்த சிடி டிரைவ் பொந்துகளை அடியோடு நீக்கியது. சிடி போட்டு யாரும் எதையும் ஏற்றாத காலம் வந்திருந்தது, நீக்கியது நியாயம்தான். அந்த இடம் முழுதும் காற்றுக்குக் கிடைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. காலியான முகத்தை வழவழப்பான பலகையும், 2016 வாக்கில் டெம்பர்டு கிளாஸும் பிடித்துக்கொண்டன. உள்ளே வண்ண விளக்கு, வெளியே கண்ணாடி, நடுவே மூச்சுத் திணறும் ஃபேன்கள்.

இதே காலத்தில் கிராபிக்ஸ் கார்டும் மாறியது. முன்பு பல கார்டுகளில் உருளைபோன்ற ஒரு ஃபேன் சூட்டை நேராகக் கேபினெட்டின் பின்வழியே வெளியே ஊதிவிடும். சத்தம் அதிகம் என்பதால் இரண்டு மூன்று ஃபேன் வைத்த திறந்த வகை கார்டுகள் வந்தன. அவை அமைதியானவை, ஆனால் சூட்டின் பெரும்பகுதியைப் பெட்டிக்குள்ளேயே கொட்டுபவை. 2010-ல் ஜிடிஎக்ஸ் 480-ன் 250 வாட்டையே அடுப்பு என்றோம். 2022-ன் ஆர்டிஎக்ஸ் 4090 450 வாட், 2025-ன் 5090 575 வாட்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பெட்டிக்குள் 500 வாட் சூடு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போகிற காற்று பத்து டிகிரி மட்டும் சூடேறி வெளியே போக வேண்டும் என்றால், நொடிக்குச் சுமார் 41 லிட்டர் காற்று நுழைய வேண்டும். நொடிக்கு மூன்று குடம் காற்று! நடுத்தர அளவுக் கேபினெட்டின் மொத்தக் கொள்ளளவே ஐம்பது லிட்டர் பக்கம்தான். ஒன்றேகால் நொடிக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் காற்று முழுதும் மாற வேண்டும். வழி பாதியாகிக் காற்றும் பாதியானால், வெளியேறும் காற்றின் சூடேற்றம் இருபது டிகிரி. இதைச் சுண்டுவிரல் நுழையாத இடுக்கு தாங்குமா?

தாங்காது என்று நிரூபித்தவர்கள் தெர்மாமீட்டரோடு வந்த விமர்சகர்கள். அமெரிக்காவின் 'கேமர்ஸ் நெக்ஸஸ்' ஸ்டீவ் பர்க் போன்றவர்கள் கேபினெட்டைப் படம் பிடித்துக் காட்டுவதோடு நிற்காமல், ஒரே பாகங்களை வெவ்வேறு பெட்டிகளில் மாட்டி, அறைச் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று அளந்து பட்டியல் போட்டார்கள். முன்பலகையோடு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை. என் ஊதுபத்திச் சோதனையின் ஒழுங்கான வடிவம் அதுதான். ஹெச்ஏஎஃப் தந்த அதே கூலர் மாஸ்டர், 2017-ல் ஹெச்500பி என்ற பெட்டியை இரண்டு 200 மி.மீ. ஃபேனுக்கு முன்னால் பிளாஸ்டிக் பலகையை நிறுத்திக் கொண்டுவந்தது. அளவெடுத்தவர்கள் விடவில்லை. 2018-ல் அதே பெட்டி கம்பி வலை முகத்தோடு ஹெச்500பி மெஷ் என்று திரும்பி வந்தது. திட்டு வாங்கியபின் திருத்திக்கொண்டதை நான் மதிக்கிறேன்.

அதற்குள் சுவீடனின் ஃப்ராக்டல் டிசைன் 2017-ல் 'மெஷிஃபை சி'யைக் கொண்டுவந்திருந்தது. மடித்த காகிதம்போலக் கோணல் கோணலான கறுப்பு வலை முகம். வலை என்றால் முரட்டுத்தனம் என்ற எண்ணத்தை மாற்றிய பெட்டி அது. 2019-ல் ஃபேன்டெக்ஸ், மூடிய முகம் கொண்ட தன் பி400-க்கு மெல்லிய வலை போட்டு பி400ஏ ஆக்கியது. 2020-ல் கோர்ஸேர் ஒரே உடம்பை மூன்று முகத்தோடு விற்றது: தகரம் மூடிய 4000டி, கண்ணாடி மூடிய 4000எக்ஸ், முக்கோணத் துளைகள் நிறைந்த 4000டி ஏர்ஃப்ளோ. மக்கள் அதிகம் பேசியது மூன்றாவதைத்தான். 2021-ல் ஃப்ராக்டலின் 'டோரன்ட்' முன்னால் இரண்டு 180 மி.மீ., அடியில் மூன்று 140 மி.மீ. ஃபேன்களை வைத்து, காற்றுக்கு இடைஞ்சல் என்று எஸ்எம்பிஎஸ்ஸையே மாடிக்கு ஏற்றிவிட்டது. பெட்டியைச் செய்துவிட்டுக் காற்றுக்கு இடம் தேடிய காலம் போய், காற்றை வைத்துப் பெட்டி கட்டிய காலம் வந்தது. இரண்டாவது பிறப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஃபேன் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், முன்பலகையைக் கேளுங்கள். ஃபேன் நிற்கிற இடம் முழுக்க வலையாக இருக்கிறதா, வலைக்குப் பின்னால் பிளாஸ்டிக் அடைப்பு ஏதும் இல்லையே என்று பாருங்கள். பலகையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எதிர்ப்பக்கம் தெரிய வேண்டும்.

ஃபேன் வைப்பதும் சூத்திரமல்ல. முன்னால் இரண்டோ மூன்றோ உள்ளே இழுக்கட்டும். பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு இதுவே போதும். தலையில் ஒன்று வேண்டுமானால் பின்பக்கமாக, ப்ராசஸருக்கு மேலே வையுங்கள். முன்பக்கமாக வைத்தால், நுழைந்த குளிர்காற்று ப்ராசஸரைத் தொடும் முன்பே வெளியே ஓடிவிடும். சூடான காற்று தானாக மேலே போகும் என்பது உண்மைதான். ஆனால் ஃபேன் தள்ளும் வேகத்துக்கு முன்னால் அந்த இயல்பான எழுச்சி ஒன்றுமே இல்லை, ஃபேன் காட்டும் திசையில்தான் காற்று போகும். ஃபேனின் எந்தப் பக்கம் எது என்று குழப்பம் வரும்: குறுக்குச் சட்டம் இருக்கிற பக்கமாகக் காற்று வெளியேறும், திறந்த பக்கமாக நுழையும். மாட்டும் முன் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாக மாட்டிய பின்பக்க ஃபேனை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நம் ஊருக்கு நல்லது. அப்போது பெட்டியின் சின்னச் சின்ன இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் கசியும். புழுதி உள்ளே வர ஃபில்டரைத் தாண்டியாக வேண்டும். ஃபில்டரில் புழுதி அடைத்துக்கொண்டால் வலை முகமும் கண்ணாடி முகமும் ஒன்றுதான். கழற்றிக் குழாயில் காட்டி, நிழலில் முழுதாகக் காயவைத்து மாட்டுங்கள். கேபினெட்டின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மேஜைக்கு அடியில் அலமாரிக்குள் திணித்து வைத்தால் விட்ட சூட்டையே அது திரும்ப இழுக்கும்.

இன்னொன்றும் உண்டு. எந்தக் கேபினெட்டும் எத்தனை ஃபேன் வைத்தாலும் அறையில் இருக்கும் காற்றைவிடக் குளிர்ந்த காற்றைத் தராது. குளிர்நாட்டில் 21 டிகிரி அறையில் அளந்து வெளியிட்ட எண்ணை நம் மே மாத அறையோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். அறைச் சூடு 36 என்றால் அந்த எண்ணோடு சுமார் 15 கூட்டிக்கொள்ளுங்கள். அதனால்தான் நம்மவர்களுக்கு முன்பலகை விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. குளிர்நாட்டுக்காரருக்கு இருக்கும் அந்த 15 டிகிரி கையிருப்பு நமக்குக் கிடையாது.

நண்பர் மகன் புதுக் கேபினெட் வாங்கவில்லை. உள்ளூர் கடையில் நைலான் கொசுவலை வாங்கிச் சட்டம் கட்டி, கண்ணாடி இருந்த இடத்தில் காந்தப் பட்டையால் ஒட்டிக்கொண்டான். கண்ணாடிப் பலகை இப்போதும் அதே சுவரோரம் சாய்ந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் கண்ணாடி முகமோ மூடிய முகமோ கொண்ட கேபினெட் இருந்தால், இன்று மாலையே ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் முன்னால் பிடித்துப் பாருங்கள்.